கீரி புரண்ட இடம்

அன்புள்ள ஐயா,

செம்பனைக்குள் கீரியும் கருநாகமும் மல்லுக்கட்டியதைப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். கடிபட்ட கீரி ஓடிப்போய் ஒரு பூண்டில் புரண்டுவிட்டு வரும், அதனால்தான் சாகாது என்பார் என் பாட்டி. உண்மையா? இல்லை, கடிபட்டுக் கடிபட்டே விஷம் பழகிவிட்டதா?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

என் அம்மாவும் இதையே சொல்வார். அந்தச் செடிக்குக் கீரிப்பூண்டு என்று பெயரே உண்டு. சின்ன வயதில் லயத்துக்குப் பின்னால் அதைத் தேடி முட்டியைச் சிராய்த்துக்கொண்டதுதான் மிச்சம். மருந்து கீரியின் தசையிலேயே இருக்கிறது.

தசை அசைய, நரம்பு அசிட்டைல்கோலின் என்ற பொருளை அனுப்பும். அதை வாங்கிக்கொள்ளத் தசையில் ஏற்பி என்றொரு புரதம். நாகத்தின் நரம்பு நஞ்சு அதில் போய் உட்கார்ந்துகொண்டால் சேதி போகாது. இமை தொங்கும், கடைசியில் மூச்சும் நிற்கும். கீரியின் ஏற்பியில் அந்த வாசலருகே ஒரு சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது. சின்ன அசிட்டைல்கோலின் நுழைந்துவிடும். பெரிய நஞ்சு வெளியே நிற்கும். வேடிக்கை என்னவென்றால், எகிப்திய நாகத்தின் ஏற்பியிலும் இதே ஏற்பாடுதான்!

பழக்கம் எல்லாம் இல்லை. பழகியதைக் குட்டிக்குக் கொடுக்க முடியாதே. எப்போதோ மரபணுவில் தற்செயலாக ஒரு மாற்றத்தோடு பிறந்த கீரி தப்பியது, குட்டி போட்டது. அப்படியே பரவியது.

எனக்குப் பெரிய ஆச்சரியம் பன்றிதான். பன்றி, முள்ளெலி, ஆப்பிரிக்காவின் தேன்வளைக்கரடி மூன்றிலும், ஏற்பியின் ஒரே இடத்தில் நேர்மின்னேற்றமுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் கற்களில் ஒன்று) தனித்தனியாக வந்து சேர்ந்திருப்பதாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. நஞ்சுக்கும் நேர்மின்னேற்றம்தான், ஒன்றையொன்று தள்ளும். செம்பனைக் கன்றைக் கிளறுகிறதென்று நாம் விரட்டும் பன்றிக்கு யாரும் கதை கட்டவில்லை, பாவம்.

ஆனால் நம் ஊர்க் கருநாகத்திடம் சதையை அழுகவைக்கும் நஞ்சும் உண்டு. அதற்குச் சர்க்கரைச் சங்கிலி உதவாது. அதனால்தான் அன்று அந்தக் கீரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, பாம்பு களைக்கும்வரை கடிபடாமலே குதித்துக்கொண்டிருந்தது. தலையைக் கவ்வி முடித்த பிறகு கால்வாயோரப் புல்லில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புரண்டது. நம் ஊர்க் கருநாகம் விஷத்தைத் துப்பும் வகை, அது கண்ணில் பட்டிருக்கும். உங்கள் பாட்டி பார்த்தது இதைத்தானோ என்னவோ.