கட்டையை ஓங்கியது யார்?

கேள்வி: வரப்புத் தகராறில் என் கொழுந்தனாருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. என் இரண்டு மகன்கள் மேலும் பாரதிய நியாய சன்ஹிதா 117(2) பிரிவில், பலத்த காயம் ஏற்படுத்தியதாகக் கேஸ். கோர்ட்டில் சார்ஜ் படித்து 12 நாள் ஆகிறது. பெரியவன் அரசுப் பள்ளி ஆசிரியர், இரண்டு பெண் குழந்தைகள். சின்னவன் டிராக்டர் ஓட்டுகிறான். ஒண்டிக்கட்டை, அவனுக்கு என்ன போகிறது? அவன் ‘ப்ளீ பார்கெயினிங்’கில் குற்றத்தை ஒத்துக்கொண்டால் பெரியவன் தப்பிப்பான் என்கிறார்கள். கேஸை நடத்திப் பார்க்கலாம் என்கிறார் என் தம்பி. எதைச் செய்வது?
- பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் வயலின் சர்வே எண் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள் அம்மா, கட்டையை ஓங்கியது யார் என்று மட்டும் எழுதவில்லை. அந்த இடத்தில் ‘ஒண்டிக்கட்டை, அவனுக்கு என்ன போகிறது’ என்று ஒரு வரி இருக்கிறது. அடித்தவன் சின்னவனாக இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதியிருப்பீர்கள்.

அவனுக்கு என்ன போகும் என்று சொல்கிறேன். ப்ளீ பார்கெயினிங் என்பது குற்றத்தை ஒத்துக்கொண்டு குறைந்த தண்டனை கேட்கும் முறை, சமரசம் இல்லை. முடிவில் வருவது தண்டனைத் தீர்ப்பு. ‘குற்றவாளி’ என்ற சொல் அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் அப்பீல் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட், உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, இவை இரண்டு மட்டும்தான். நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்று கேட்டாலும், பெண் பார்க்கப் போன இடத்தில் விசாரித்தாலும் அது முன்னால் வந்து நிற்கும். அவன் சொல்லும் வாக்குமூலத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஊர் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை.

தண்டனைக் கணக்கையும் பாருங்கள். 117(2)-க்கு அதிகபட்சம் 7 ஆண்டு, அதாவது 84 மாதம். முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவருக்கு அதில் ஆறில் ஒரு பங்கு கொடுக்கலாம்: 14 மாதம். நன்னடத்தைப் பிணையில் விடவும் இடமுண்டு, ஆனால் அது நீதிபதியின் கையில். ‘ஏழு வருஷம் உள்ளே போவான்’ என்று உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டால் 3 ஆண்டுக்கு மேல் தண்டிக்கவே முடியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும்.

இனி, பெரியவன் தப்பிப்பானா? மாட்டான். ஒருவர் குற்றத்தை ஏற்றுக்கொண்டால் அவர் வழக்குதான் முடியும். மற்றவர் மீதான விசாரணை அப்படியே நடக்கும். இருவரும் சேர்ந்து செய்ததாகக் குற்றச்சாட்டு இருந்தால், அடித்த கை எது என்பதைத் தாண்டியும் வழக்கு நிற்கும். கை உடைந்த உங்கள் கொழுந்தனார் கூண்டில் ஏறி யார் அடித்தது என்று சொல்லப்போகிறார். அப்போது சின்னவன் தண்டனை வாங்கியது யாருக்காக?

அது மட்டுமில்லை. மனுவோடு, தண்டனை என்ன என்று புரிந்துகொண்டு சுயவிருப்பத்தோடு கேட்கிறேன் என்று சின்னவன் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். பிறகு நீதிபதி அவனைத் தனியாக அழைத்து விசாரிப்பார். எதிர்த்தரப்பு அங்கே இருக்கக் கூடாது. ‘யாராவது வற்புறுத்தினார்களா?’ என்று கேட்கும்போது அவன் உங்கள் முகத்தைத் தேட முடியாது. சுயவிருப்பம் இல்லை என்று தெரிந்தால் மனு நிற்காது, வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பெரியவனின் பயம் பொய்யில்லை. குற்ற வழக்கில் தண்டனை ஆன அரசு ஊழியரைத் தனி விசாரணை இல்லாமலே வேலையிலிருந்து நீக்கலாம். அதற்காகத் தம்பியை அடகு வைப்பதா? மூத்தவன் என்றால் முதலில் பந்தியில் உட்காருகிறவன் என்று மட்டும் வளர்த்துவிட்டீர்களா?

வழக்கை நடத்துவதிலும் விஷயம் இருக்கிறது. முறிவைக் காயச் சான்றிதழ் மட்டும் நிரூபித்துவிடாது. எக்ஸ்ரே படமும் அதைப் படித்த டாக்டரும் கோர்ட்டுக்கு வர வேண்டும். பல வழக்குகள் இங்கேதான் நொண்டுகின்றன. முறிவு நிரூபணமாகாவிட்டால் வழக்கு சாதாரணக் காயமாக, 115(2)-ஆக இறங்கும்: அதிகபட்சம் ஓராண்டு, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 117(2) ராஜியாகக்கூடிய, அதாவது இரு தரப்பும் சமரசமாகி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம். கோர்ட் அனுமதியோடு, காயம்பட்டவர் மனு போட்டு ராஜியானால் அதன் பலன் விடுதலை. ப்ளீ பார்கெயினிங்கிலும் கொழுந்தனாரோடு உட்கார்ந்து நஷ்ட ஈடு பேசத்தான் போகிறீர்கள், அதற்கு 60 நாள் வரை தருவார்கள். அதே ஆள், அதே பணம். ஒன்றில் மகன் குற்றவாளி, இன்னொன்றில் இரண்டு மகன்களும் விடுதலை. ராஜி மனுவில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனால் அவருக்கு அந்த விடுதலை இல்லை. பள்ளிக் கல்வித் துறை தனியாக விளக்கம் கேட்கலாம், அதைப் பெரியவன் சமாளிக்கட்டும்.

ஆஸ்பத்திரிச் செலவு, அறுவடைக்கு ஆள் வைத்த கூலி, அளந்து கல் நட்டு வரப்பை ஒப்புக்கொள்வது, இவற்றைப் பேசுங்கள். மகன்களை அனுப்பாதீர்கள், சாட்சியைச் சந்திக்கக் கூடாது என்று ஜாமீன் நிபந்தனை இருந்தால் ஜாமீனே போய்விடும். நீங்களும் உங்கள் தம்பியும் போங்கள்.

ப்ளீ பார்கெயினிங் மனுவுக்கு சார்ஜ் படித்த நாளிலிருந்து 30 நாள் கெடு. உங்கள் கணக்கில் 18 நாள் பாக்கி. அந்தக் கெடுவைக் காட்டித்தான் சின்னவனிடம் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். ராஜிக்கு அந்தக் கெடு இல்லை. இந்த வாரமே அவனுக்குத் தனி வக்கீல் வையுங்கள். பெரியவன் பீஸ் கொடுக்கும் அதே வக்கீல் இருவருக்கும் ஆஜராகக் கூடாது. பணமில்லை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். அந்த வக்கீலிடம் அவன் பேசும்போது நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.