அப்பா "வா, வா" என்று மட்டும் சொல்கிறார், வீட்டில் என்ன செய்யலாம்?

டிக்கோயா பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பாரிசவாதம் (பக்கவாதம்) வந்து இரண்டு மாதம், வலது கை விழுந்துவிட்டது, எதைக் கேட்டாலும் "வா, வா" தான், பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் கண்டிக்குப் போனால் ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் போகிறது.

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்பாவுக்குப் புத்தி கெடவில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது, வலது கையை ஆட்டுவிப்பதும் அதே பக்கம்தான், அதனால் இரண்டும் சேர்ந்து விழும். நினைப்பது மனதில் இருக்கும், அதற்கான சொல்தான் அகப்படாது.

லயத்தில் வருகிறவர்கள் எல்லாரும் "என்னை யாருன்னு தெரியுதா, பேரைச் சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைப்பார்களே, அதை முதலில் நிறுத்துங்கள். பதிலாக, காலையில் பிளேன்டீ கோப்பையையும் பால் டீ கோப்பையையும் முன்னால் வைத்து, "எது வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள் (இதுதான் கஷ்டம், நமக்கு வாய் நிற்காது). கையைக் காட்டினாலும் அது பதில்தான். வராவிட்டால் "பிளேன்..." என்று தொடங்கிக் கொடுங்கள், மிச்சத்தை அவர் முடிக்கப் பார்ப்பார். ஆமா, இல்லை மாறிப்போகும், அதனால் இடது கைக் கட்டைவிரலை மேலே, கீழே காட்டப் பழக்கி, ஒருமுறை திருப்பிக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அப்புறம் பாட்டு. பேச்சு போனவர்களில் பலருக்குப் பாட்டு வரும், ஒன்று இரண்டு எண்ணவும் வரும், கெட்ட வார்த்தைகூடத் தெளிவாக வந்து விழும், கோவிக்காதீர்கள். காமன் கூத்துப் பாட்டுப் பாடியவர் என்றால் கூடவே பாடுங்கள், இடது கையால் தாளம் தட்டச் சொல்லுங்கள். அதே ராகத்தில் "தண்ணி வேணும்" என்று இழுத்துப் பாடிப் பழக்கலாம். தினம் பத்துப் பத்து நிமிடமாக, களைப்பில்லாத நேரத்தில்.

மூன்று மாதம் தாண்டினால் அவ்வளவுதான் என்பதை நம்பாதீர்கள். வேகம் குறையும், முன்னேற்றம் நிற்காது.

குடிக்கும்போது இருமல் வந்தாலோ, குடித்தபின் குரல் கரகரத்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், சாப்பாட்டை நேராக உட்காரவைத்தே கொடுங்கள். வாய் கோணல், கை சோர்வு புதிதாக வந்தால் 1990க்கு அடியுங்கள், அந்த அம்பியுலன்ஸ் இலவசம்.

கண்டிக்கு மாதம் ஒருமுறையாவது போகப் பாருங்கள். போகும்போது வீட்டில் அவர் பேசுவதை ஃபோனில் வீடியோ எடுத்துப் போங்கள், கிளினிக் அறைக்குள் வந்தால் சிலருக்கு வாயே திறக்காது.