மந்திர உலகில் ஒரு கொலை: ‘தி டெயின்டட் கப்’ கேள்வி பதில்

ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதி 2024இல் வந்த ‘தி டெயின்டட் கப்’, அறிவியல் புனைவுக்கும் மாயப் புனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருதை, 2025ஆம் ஆண்டின் சிறந்த நாவலுக்காக வாங்கியது. மழைக்காலந்தோறும் கடலிலிருந்து ராட்சத விலங்குகள் கரையேறும். அவற்றை மதில் எழுப்பித் தடுத்து வாழ்கிறது ஒரு பேரரசு. அங்கே பெரிய குடும்பம் ஒன்றின் மாளிகையில், பொறியாளர் படைத் தளபதி ஒருவரின் உடலைக் கிழித்துக்கொண்டு மரம் முளைத்துக் கூரையைத் துளைத்திருக்கிறது. துப்பறிபவர் அனா: கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பவர். அவருக்காகப் போய்ப் பார்த்து வருபவன் டின். பார்த்தது எதையும் மறக்காதபடி அவன் உடல் மாற்றப்பட்டிருக்கிறது.

கொலையாளி பெயரைக் கேள்வியில்கூட எழுதாதீர்கள்.

வாசகன்_27: பாதியிலேயே கொலையாளி யாருன்னு தெரிஞ்சிடுச்சு. இதுக்கா விருது?

குற்றம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பலரும் முன்பே பிடித்துவிடுகிறார்கள். நாவல் அதைப் பெரிதாக மறைக்கவும் இல்லை. நீங்கள் நிறுத்திய இடத்தில் மூன்று விடைகளை எழுதிப் பாருங்கள். மரத்தை முளைக்க வைத்த நஞ்சு அந்தத் தளபதிக்குள் எந்த வழியாகப் போனது? வேறொரு நகரில் பல பொறியாளர்கள் அதே முறையில் ஏன் செத்தார்கள்? இரண்டு ஊரையும் இணைக்கும் ஆள் யார்? மூன்றுக்கும் காரணத்தோடு விடை இருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். மூன்றாவதற்கு மட்டும் இருந்தால் அது ஊகம்தான்.

தேன்மொழி_படிக்கிறாள்: ஷெர்லாக் ஹோம்ஸை அப்படியே எடுத்துப் போட்ட மாதிரி இருக்கே சார்?

ஹோம்ஸைவிட நீரோ உல்ஃபைப் பாருங்கள். ரெக்ஸ் ஸ்டவுட் 1934இல் தொடங்கிய வரிசை அது. வீட்டைவிட்டு நகராத மேதை உல்ஃப். கேட்ட உரையாடலைச் சொல் பிசகாமல் ஒப்பிக்கும் உதவியாளர் ஆர்ச்சி குட்வின். அனாவும் டின்னும் அந்த மரபு. ஆர்ச்சிக்கு இயல்பாக இருந்த திறமை டின்னுக்கு உடல்மாற்றத்தால் வருகிறது. ஒவ்வொரு நினைவையும் ஒரு குப்பி வாசனையோடு கட்டிவைத்து, தேவைப்படும்போது முகர்ந்து எடுக்கிறான்.

கடலோரம்: முதல் 50 பக்கம் பெயரா வந்து குழப்புது. விட்டுடலாமா?

விடாதீர்கள். ஒரு தாளில் படைப்பிரிவுகளை மட்டும் எழுதுங்கள்: போர்வீரர், பொறியாளர், மருந்து செய்பவர், நீதித்துறை. ஒவ்வொரு பெயரையும் அதன் பிரிவுக்குக் கீழே போட்டுக்கொண்டே போனால் குழப்பம் தீரும். ஊர்ப் பெயர்களில் டாரெட்டானா, டாலகிரே இரண்டு போதும்.

சாட்சிக்கூண்டு: ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். இரண்டாவது விதி அமானுஷ்யம் கூடாது என்கிறது. அப்படியானால் இது துப்பறியும் நாவலே இல்லை.

இங்கே நின்று பேச வேண்டும். வாசகர்கள் இரண்டாகப் பிரிவது இந்த இடத்தில்தான். நாக்ஸ் அதைத் தடுத்ததற்குக் காரணம், பேய் வந்து கதவைத் திறந்தது என்று கடைசிப் பக்கத்தில் சொன்னால் வாசகருக்குப் போட்டியே இல்லை. ஆனால் அந்த உலகத்தில் எது முடியும், எது முடியாது என்று முன்பே சொல்லிவிட்டால்? ராண்டல் காரெட் 1960களில் டார்சி பிரபு கதைகளில் செய்தது அதுதான். மந்திரத்துக்கு அங்கே இயற்பியல்போல் விதிகள் உண்டு. தடயங்களைச் சோதிப்பவரே ஒரு மந்திரவாதி. அறிவியல் புனைவில் துப்பறியும் கதை எடுபடாது என்று பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பல் சொன்னதற்கு, 1954இல் நூலாக வந்த ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ வழியாக ஐசக் அசிமோவ் சொன்ன பதிலும் இதேதான்.

சாட்சிக்கூண்டு: சரி, நாலாவது விதி? யாருக்கும் தெரியாத நஞ்சு கூடாது. டாப்பிள்கிளாஸ் செடி அதுதானே?

அந்த விதியின் பிற்பாதியையும் சேர்த்துப் படியுங்கள்: கதையின் முடிவில் நீண்ட அறிவியல் விளக்கம் தேவைப்படும் கருவியும் கூடாது. ‘முடிவில்’ என்பதுதான் குற்றம். இங்கே முதல் காட்சியே அந்தச் செடி செய்த வேலை. ஆரம்ப அத்தியாயங்களிலேயே அதன் பெயரும் குணமும் வந்துவிடுகின்றன. அகதா கிறிஸ்டி எழுதும் ஆர்செனிக் நஞ்சு நமக்குக் கதைக்கு வெளியிலிருந்து தெரியும், இந்தச் செடி கதைக்குள்ளிருந்து தெரிகிறது. வித்தியாசம் அவ்வளவே.

உங்கள் கோபத்துக்கு நியாயமான இடம் வேறு. அனா முடிச்சை அவிழ்த்த பிறகும் வாய் திறப்பதில்லை. தடயம் நமக்குக் கிடைக்கிறது, அவர் போட்ட கணக்கு கிடைப்பதில்லை. நாக்ஸின் எட்டாவது விதி வாசகருக்குத் தடயத்தைக் காட்டச் சொல்கிறது, கணக்கை அல்ல; அதனால் இது தப்பு இல்லை. ஒன்பதாவது விதிதான் இடிக்கிறது. உதவியாளர் தன் எண்ணத்தை ஒளிக்கக் கூடாது என்கிறது அது. டின் தன்னைப் பற்றிய ஒரு செய்தியை வெகுநேரம் தள்ளிப்போடுகிறான். கொலைக்கும் அதற்கும் தொடர்பில்லாததால் நான் ஏற்கிறேன். நீங்கள் ஏற்காவிட்டால் அதுவும் சரியான வாசிப்புதான்.

புதுப்பேனா: இந்த மாதிரி நாவல் எழுதணும். எங்கே சொதப்பும்?

ஒரே ஒரு மந்திரப் பொருளை மட்டும் காட்டினால் சொதப்பும். அதுதான் ஆயுதம் என்று உடனே தெரிந்துவிடும். இந்த நாவலில் உடல்மாற்றங்களும் விசித்திரச் செடிகளும் நிறைய, அதனால் தேவையானது கூட்டத்தில் மறைகிறது. முக்கியமான விதியை மூன்று முறை கொண்டுவாருங்கள்: முதலில் சும்மா பின்னணியாக, அடுத்து அது பலிக்காமல் போகும் ஒரு நேரத்தில், கடைசியாகக் குற்றத்தில். பலிக்காத காட்சியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். எல்லை தெரியாத சக்தியை வைத்து வாசகர் எதையும் ஊகிக்க முடியாது.

ஞாயிறு_வாசகர்: பெயர்கள் குழப்புது, என்ன செய்ய?

கடலோரம் அவர்களுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

மெட்ரோ_வாசிப்பு: இரண்டாம் பாகம் ‘எ ட்ராப் ஆஃப் கரப்ஷன்’ கையில இருக்கு. அதை முதல்ல படிக்கலாமா?

வேண்டாம். வழக்கு புதிது, ஊரும் புதிது. ஆனால் அனாவையும் டின்னையும் பற்றி முதல் பாகம் மெல்ல அவிழ்ப்பதை அது தெரிந்ததாக வைத்துக்கொள்கிறது. பின்னட்டையையும் படிக்காதீர்கள்.

கோவை_ரீடர்: அந்த மாளிகைக் குடும்பத்துல அந்த…

கேள்வியின் மீதியை நீக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். இன்னும் படிக்காதவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பனைமரம்: எந்தப் பாகம் முதல்ல?

முதல் பாகம்.