எலும்புக்கு நேரம் கொடுங்கள்

வணக்கம்.

காலாட்படைப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறேன். சேருவதற்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. வயது 22, உயரம் 160 செ.மீ., எடை 56 கிலோ. ஐந்து கிலோமீட்டரை 25 நிமிடத்தில் ஓடிவிடுவேன். எங்கள் அணியில் பெண்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்போம் என்கிறார்கள். யாரிடம் கேட்டாலும் “மனசு உறுதியா இருக்கணும்”, “ஆம்பளைங்களவிட ரெண்டு மடங்கு உழைக்கணும்” என்றுதான் சொல்கிறார்கள். அதனால் 20 கிலோ பையை மாட்டிக்கொண்டு தினமும் ஓட ஆரம்பித்தேன். இரண்டு வாரம் ஆகிறது. இடது காலின் முன்னெலும்பு ஓரம், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வலிக்கிறது. இது பழகிவிடுமா? மாதவிடாய், சிறுநீர் இதையெல்லாம் களத்தில் எப்படிச் சமாளிப்பது என்று கேட்கவும் ஆளில்லை. கூச்சப்படாமல் நேராகச் சொல்லுங்கள்.

எம்.

*

அன்புள்ள எம்.,

முதலில் அந்தப் பையை இறக்கி வையுங்கள். இன்றைக்கே. மற்றதெல்லாம் பிறகு.

வலி பழகுமா என்பது அது எந்த வலி என்பதைப் பொறுத்தது. அந்த எலும்பின் உள்விளிம்பை விரல் நுனியால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்து, நடக்கத் தொடங்கியதும் குறைந்தால், பெரும்பாலும் அது எலும்பை மூடிய சவ்வின் எரிச்சல், ஓய்வில் அடங்கிவிடும். ஒரு நாணய அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று குத்துகிறதா, ஒற்றைக் காலில் குதித்தால் கூடுகிறதா, இரவில் படுத்திருக்கும்போதும் தெறிக்கிறதா? அப்படியானால் எலும்பில் நுண்விரிசல் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். ஆகவே “எக்ஸ்ரே நார்மல்” என்ற ஒரு வரியை நம்பி மறுபடி ஓடக் கிளம்பாதீர்கள். பின்னாளில் எப்போதாவது தொடையிடுக்கில் ஆழமாக வலி வந்தால் அன்றைக்கே நடையை நிறுத்திவிடுங்கள். தொடையெலும்பின் கழுத்தில் வந்த விரிசலாக அது இருக்கலாம். முழுதாக முறிந்தால் அறுவை சிகிச்சையில்தான் போய் நிற்கும்.

இரண்டு மடங்கு உழைக்கச் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் பயிற்சியில் பெண்களைக் காயப்படுத்தி வெளியே அனுப்புவதில் அந்த அறிவுரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே பயிற்சியில் ஆண்களைவிடப் பெண்களுக்கு நுண்விரிசல் பல மடங்கு அதிகம் வருகிறது என்பதை ராணுவ மருத்துவர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். நுரையீரலும் தசையும் ஆறேழு வாரத்தில் தேறிவிடும், எலும்பு அப்படியில்லை. புதிய பாரத்துக்கு ஏற்ப அது தன்னைத் திருத்திக்கொள்ளும்போது முதலில் பழைய எலும்பைச் சுரண்டி எடுக்கிறது, பிறகுதான் புதிதாக நிரப்புகிறது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். சாலையைத் தோண்டிப் போட்டிருக்கும்போதே லாரியை ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான் மூன்றாவது, நான்காவது வாரத்தில் நடக்கிறது. மூச்சு வாங்குவது குறைந்துவிட்டதால் உடம்பு தயாராகிவிட்டது என்று தோன்றும். எலும்பு அப்போதுதான் மிகவும் பலவீனமாக இருக்கும்.

உங்களிடம் எட்டு மாதம் இருக்கிறது. அது போதும், தாராளமாகவே போதும். வலி முழுதாகப் போகும்வரை நீச்சலும் சைக்கிளும் மட்டும். பிறகு வாரத்துக்கு ஒரே ஒருமுறை 8 கிலோ பையோடு 4 கிலோமீட்டர் நடை. ஓட்டம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு படி ஏறுங்கள்: ஒரு தடவை எடையில் 2 கிலோ, அடுத்த தடவை தூரத்தில் ஒரு கிலோமீட்டர். இரண்டையும் சேர்த்து ஏற்றக் கூடாது. நான்காவது வாரந்தோறும் தூரத்தைப் பாதியாக்குங்கள். இப்படிப் போனால் சேரும் நேரத்தில் 20 கிலோவைத் தாண்டி, பத்து கிலோமீட்டரைத் தொட்டுவிடுவீர்கள். அதற்கு மேல் உள்ள பாரத்தைப் பயிற்சியே ஏற்றிக் கொடுக்கும்.

கேட்கப்போவது எவ்வளவு என்று ஒரு அளவு தெரிந்திருப்பது நல்லது. பிரிட்டன் காலாட்படையில் 40 கிலோவோடு 4 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் நடந்து, அடுத்து 25 கிலோவோடு 2 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் முடிக்க வேண்டும். காயம்பட்டவரை இழுக்கும் தேர்வில் 110 கிலோவை 20 மீட்டர் இழுக்க வேண்டும். ஆண், பெண் என்று அளவு மாறாது. 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 40 கிலோ என்பது தன் எடையில் பாதி. உங்களுக்கு 71 சதவீதம். எனவே இந்த எட்டு மாதத்தில் எடையைக் குறைக்க நினைக்காதீர்கள். தசையாக நான்கைந்து கிலோ ஏறினால் அது உங்களுக்குத் துணை.

தசைக்கு வாரம் மூன்று நாள் ஒதுக்குங்கள். தரையில் கிடக்கும் எடைக்கம்பியை நின்றபடி தூக்கும் டெட்லிஃப்டில் மெல்ல ஏறி உங்கள் எடையைப் போல ஒன்றேகால் மடங்கை ஐந்து முறை தூக்கும் அளவுக்கு வாருங்கள். புல்-அப் வராவிட்டால் ஸ்டூலில் ஏறி முகவாயைக் கம்பிக்கு மேலே வைத்து, ஐந்து விநாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். அதிலிருந்துதான் முதல் புல்-அப் பிறக்கும். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைக் கைக்கொன்றாகப் பிடித்து 200 மீட்டர் நடந்து பாருங்கள். காலுக்கு முன்னால் விரல்பிடி விட்டுப்போகும், பயிற்சி தேவைப்படும் இடம் அது. ஆளை இழுக்கும்போது புதியவர்கள் முதுகை வளைத்துக் கையால் இழுப்பார்கள். கை நீட்டியபடியே பூட்டியிருக்கட்டும்; நன்றாகத் தாழ்ந்து, பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றிச் சின்னச் சின்ன அடியாகப் போங்கள். முதல் அசைவுதான் கடினம், அசைந்தபின் நிறுத்தாதீர்கள். பின்னாளில் பீரங்கிப் படைக்கு மாற நினைத்தால் கணக்கே வேறு: 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று 43 கிலோவுக்குக் குறையாது, அதை மார்பளவுக்குத் திரும்பத் திரும்பத் தூக்க வேண்டும்.

அணிநடையில் ஒரு விஷயம், இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். வழக்கமான அடி 75 செ.மீ., நிமிடத்துக்கு 120 அடி, அதாவது மணிக்கு 5.4 கிலோமீட்டர். 160 செ.மீ. உயரமுள்ளவர் முதுகில் பாரத்தோடு 75 செ.மீ. அடியை எட்டிப் போட்டுக்கொண்டே இருந்தால், ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசைகள் இடுப்பெலும்பின் முன்பக்கக் கீழ்க்கிளையை இழுக்கும். பெண் வீரர்களுக்கு அங்கே விரிசல் விழுவது இதனால்தான். 65 செ.மீ. அடியாக நிமிடத்துக்கு 138 வைத்தாலும் அதே வேகம்தான் வரும். அந்தத் தாளத்தை இப்போதே கைபேசியில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியில் வைத்துப் பழகுங்கள். ஆஸ்திரேலிய ராணுவம் 1990களில் நடையின் வேகத்தைக் குறைத்து, அவரவர் அடிநீளத்தில் நடக்க விட்டு, நீண்ட ஓட்டத்துக்குப் பதில் இடையிடையே ஓய்வு விட்டுச் சிறிது தூரம் ஓடும் இடைவெளி ஓட்டம் வைத்தபோது பெண்களின் இடுப்பெலும்பு விரிசல் வெகுவாகக் குறைந்தது. களநடையில் முடிந்தால் வரிசையின் முன்பாதியில் இடம் கேளுங்கள். கடைசியில் நடப்பவர் இடைவெளியை மூட ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பை மாட்டுவதை ஒருமுறை கண்ணாடி முன் நின்று செய்யுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இரு கையையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்தால் கட்டைவிரல்கள் சந்திக்கிற கோடு வரைக்கும் அளந்தால் அதுதான் உங்கள் முதுகு நீளம். பையின் சட்டத்தை இந்த அளவுக்குத்தான் வைக்க வேண்டும், உடல் உயரத்துக்கு அல்ல. எல்லா வாரையும் தளர்த்திவிட்டுப் பையை ஏற்றுங்கள். முதலில் இடுப்பு வார்: அதன் நடுக்கோடு இடுப்பெலும்பின் விளிம்பில் உட்கார வேண்டும். தொப்புள் உயரத்துக்கு ஏறினால் வயிற்றை அமுக்கும், கீழே சரிந்தால் தொடை தூக்க விடாது. அடுத்தது தோள்வார், அதன் பிறகு தோளுக்கு மேலிருந்து பையின் தலைக்குப் போகும் சின்ன வார், மார்பு வார் கடைசி. மார்பு வாரை மார்புக்குக் குறுக்கே கட்டாமல் காறையெலும்புக்கு இரண்டு விரல் கீழே கட்டுங்கள். கனமான பொருள் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்கட்டும். கைவிரல் மரத்தால் தோள்வார் நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம். உடனே பாரத்தை இடுப்புக்கு மாற்றுங்கள்.

கவச உடையின் பிளேட், மேலே கழுத்தடியில் காறையெலும்புகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் தொடங்கி, கீழே தொப்புளுக்கு இரண்டு மூன்று விரல் மேலே முடிய வேண்டும். நீளம் கூடினால் மண்டியிடும்போது தொடையில் இடித்துத் தாடை வரை ஏறும், ரைஃபிள் கட்டை தோளில் உட்காராது. குறி தவறுவதற்குக் கை நடுக்கம்தான் காரணம் என்று பழி போடுவார்கள், பிளேட்டைச் சரிபாருங்கள். கட்டையின் நீளத்தை ஒரு படி குறைத்துக்கொள்வதும் உதவும். கொண்டையை உச்சியிலோ பின்மண்டையிலோ வைத்தால் குப்புறப் படுத்ததும் ஹெல்மெட் கண்ணை மறைக்கும். கழுத்தோடு ஒட்டிய தாழ்ந்த சடையோ குட்டை முடியோ தேவை. அமெரிக்க ராணுவம் 2021ல் சடையையும் குதிரைவாலையும் அனுமதித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பூட்ஸ் விஷயத்தில், ஆண்களுக்கான சின்ன அளவு உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண்களின் குதிகால் பொதுவாகக் குறுகலானது. முன்பாதத்துக்குச் சரியாக இருக்கும் பூட்ஸ் குதிகாலில் ஆடும், கொப்புளம் அங்கேதான். மாலையில், கால் வீங்கியிருக்கும்போது, பாரத்தோடு நின்று அளவு பாருங்கள். உள்ளே மெல்லிய காலுறை, மேலே கனமானது. சூடு தெரிந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள், கொப்புளம் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எலும்பு பாதி அங்கேதான் உடைகிறது. கடும் களப்பயிற்சியில் பெண்களுக்கும் ஒரு நாள் தேவை 3000 கலோரியைத் தாண்டும். உடம்புக்குக் கொடுப்பது குறைந்தால் முதலில் மாதவிடாய் நிற்கும், கூடவே எலும்பு தேயும். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் “பயிற்சியில் இப்படித்தான்” என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவருகிறது. இரும்பு மாத்திரையைத் தேநீரோடோ கால்சியத்தோடோ சேர்த்து விழுங்கினால் உடம்பு அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குத் தினம் 2000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நுண்விரிசல் 20 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மாதவிடாயை மாத்திரையால் தள்ளிவைக்க முடியும். இரண்டு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் எடுத்தால் வராது. ஆனால் முதல் மூன்று நான்கு மாதம் திட்டுத்திட்டாகக் கசியும். ஆகவே சேருவதற்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்குங்கள், அந்தக் கசிவு வீட்டிலேயே முடியட்டும். கண்முன் ஒளி தெறிக்கும் ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைந்த வரலாறு, புகைப்பழக்கம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை ஒத்துவராமல் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி வசதியானதுதான். ஆனால் அது எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். பாரம் சுமக்கப் போகிற உங்களுக்கு, வேறு வழி இருக்கும்வரை அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹார்மோன் கருப்பை வளையம் பற்றியும் கேளுங்கள். மாதவிடாய்க் கப்புக்குச் சுத்தமான தண்ணீரும் சுத்தமான கையும் வேண்டும், பல களப்பயிற்சிகளில் இரண்டும் கிடைக்காது.

சிறுநீருக்கு இடம் கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண் வீரர்கள் செய்யும் மிக ஆபத்தான தவறு. சிறுநீர்த் தொற்றும் வெப்பத்தாக்கமும் இதில்தான் தொடங்குகின்றன. நின்றபடி போவதற்கான சிலிகான் புனல் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் குளியலறையில், அடுத்த வாரம் கால்சட்டையோடு, பிறகு பெல்ட்டும் பையும் மாட்டி இருட்டில் பழகுங்கள். புனலின் பின்விளிம்பு உடலோடு ஒட்டியிருக்க வேண்டும், வாய் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் வேகமாக விட்டால் நிரம்பி வழியும். உள்ளாடை பருத்தியாகவே இருக்கட்டும். மாற்று உள்ளாடை ஒன்று எப்போதும் நீர் புகாத உறையில், பையின் மேலறையில்.

அணியில் எப்படி இருப்பது? 2015ல் அமெரிக்க ராணுவத்தின் மிகக் கடுமையான பயிற்சிகளில் ஒன்றான ரேஞ்சர் பள்ளியை முடித்த முதல் இரு பெண்களில் ஒருவரான கிறிஸ்டன் கிரீஸ்ட், போர்ப் பிரிவுகளில் இருபாலருக்கும் ஒரே அளவுகோல்தான் வேண்டும் என்று 2021ல் எழுதினார். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. இயந்திரத் துப்பாக்கி கைமாறும்போது, 12 கிலோவானாலும், உங்கள் முறையை விடாதீர்கள். உங்கள் பாரத்தை மட்டும் யாராவது வாங்க வந்தால் மறுத்துவிடுங்கள். உங்கள் சிறு குழுவான செக்ஷன் முழுக்கப் பாரத்தைப் பிரித்துக்கொண்டால் தயங்காமல் கொடுங்கள், அது வழக்கம். கூட இருக்கும் மற்ற பெண்ணோடு உங்களை ஒப்பிடுவார்கள். அந்தப் போட்டிக்கு மட்டும் போகாதீர்கள்.

யாராவது எல்லை மீறிப் பேசினாலோ தொட்டாலோ அந்த இடத்திலேயே, சிரிக்காமல், சுருக்கமாக “இதை நிறுத்துங்கள்” என்று சொல்லுங்கள். அன்றிரவே தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, அருகில் இருந்தவர் யார் என்று தனி நோட்டில் எழுதுங்கள். அணிக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லிவையுங்கள். புகார் கொடுப்பதா என்று முடிவெடுக்க நாளாகலாம். எடுக்கும் நாளில் அந்த நோட்டு கையில் இருக்க வேண்டும்.

இப்போது கால். வலி நிவாரண மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். வலியை மறைத்தால் விரிசல் வளரும், நீர் குறைந்த உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். விரிசல் என்று தெரிந்தால் அறிக்கையை வைத்து, சேரும் தேதியை அடுத்த அணிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். விரிசல் இல்லையென்றால், வலி அறவே போய் இரண்டு வாரம் கழித்து, 8 கிலோவிலிருந்து.