பிள்ளைக்கு ரெயால்ஷூலே என்று பரிந்துரை வந்தால்

ஜெர்மனியின் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் நாலாம் வகுப்பு அரையாண்டு ரிப்போர்ட் ஜனவரிக் கடைசியில் கைக்கு வரும். அதோடு சேர்ந்து, ஐந்தாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளிவகை பொருத்தம் என்று வரும் பள்ளிப் பரிந்துரைதான் பல தமிழ்க் குடும்பங்களில் தூக்கத்தைக் கெடுக்கிறது. ‘ரெயால்ஷூலே’ (பத்தாம் வகுப்போடு முடியும் நடுநிலைப் பள்ளி) என்று எழுதியிருந்தால், பிள்ளைக்கு இனிப் பல்கலைக்கழகமே இல்லை என்று பெற்றோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. வழி திறந்தேதான் இருக்கிறது. ஆனால் ஏழாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் கவனம் பிசகினால் அது குறுகிப்போகும்.

முதலில் தாளை நிதானமாகப் படியுங்கள். எந்தப் பள்ளிக்குப் பிள்ளை தகுதி என்பதோடு, எந்தப் பள்ளிக்கு ‘வரையறையோடு தகுதி’ என்பதையும் ஆசிரியர் எழுதலாம். கிம்னாசியத்துக்கு (பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் உயர்பள்ளி) வரையறையோடு தகுதி என்று இருந்தால் யோசிக்க இடம் உண்டு. அந்தப் பெயரே இல்லையென்றால் ஆசிரியரை நேரில் பார்த்துக் காரணம் கேளுங்கள். இந்த மாநிலத்தில் பரிந்துரை பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. கடைசி முடிவு உங்களுடையது. பவேரியாவில் அப்படியில்லை. அங்கே ஜெர்மன், கணிதம், சுற்றுப்புறப் பாடம் மூன்றின் சராசரி 2.33-க்குள் இருந்தால்தான் நேரடியாகக் கிம்னாசியம், 2.66-க்குள் இருந்தால் ரெயால்ஷூலே. (ஜெர்மனியில் 1 தான் மிகச் சிறந்த மதிப்பெண், 6 மிக மோசம்.) பவேரியாவில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் விதியை உங்கள் பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

முடிவு நம்முடையதுதானே என்று பரிந்துரையை மீறிக் கிம்னாசியத்தில் சேர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து, ஆறாம் வகுப்புகள் சோதனைக் காலம். ஐந்திலிருந்து ஆறுக்கு எல்லாரும் போவார்கள். ஆறின் முடிவில் ஆசிரியர் குழு கூடி, பிள்ளை தாக்குப்பிடிக்காது என்று கண்டால் வேறு பள்ளிக்கு மாற்றும். அப்போது பக்கத்து ரெயால்ஷூலேயில் ஏழாம் வகுப்பில் இடம் இருக்குமா என்பது நிச்சயமில்லை. பன்னிரண்டு வயதில் நண்பர்களைப் பிரிந்து, ‘முடியவில்லை’ என்ற எண்ணத்தோடு தூரத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுந்து நிற்க நாளாகும். மாறாக, ரெயால்ஷூலேயில் நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் கிம்னாசியத்துக்கு மாற்றலாம் என்று அதே குழு பரிந்துரைப்பதும் உண்டு. கீழிருந்து மேலே போவது பிள்ளைக்குத் தெம்பு தரும் என்பதால், தயக்கம் இருந்தால் ரெயால்ஷூலேதான் எங்கள் தேர்வு.

இந்தப் பள்ளி எதற்காக உருவானது என்பதும் தெரிந்திருக்கட்டும். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் உயர்பள்ளி என்றால் லத்தீன்தான். வணிகனுக்கும் கைவினைஞனுக்கும் கணிதம், வரைபடம், இயந்திரவியல் தேவை என்று யொஹான் யூலியுஸ் ஹெக்கர் என்ற பாதிரியார் 1747-இல் பெர்லினில் ஒரு ரெயால்ஷூலே தொடங்கினார். அதற்கு முன்பே ஹாலே நகரில் கிறிஸ்டோஃப் ஸெம்லர் அதே எண்ணத்தில் முயன்றிருந்தார். 19-ஆம் நூற்றாண்டில் அந்த வகைப் பள்ளிகளில் சில வளர்ந்து கிம்னாசியத்தோடு போட்டியிட்டன. 1900-இல் அவற்றின் மாணவர்களுக்கும் பல்கலைக்கழகக் கதவு திறந்தது. இன்றைய ரெயால்ஷூலேக்கு இன்னொரு மூதாதையும் உண்டு: 1872-இல் பிரஷ்யா வகுத்த நடுநிலைப் பள்ளி. 1964-இல் மாநிலங்கள் ஹாம்பர்க்கில் செய்த உடன்படிக்கைதான் இந்தப் பெயரை நாடெங்கும் நிலைநிறுத்தியது. ஆக, கிம்னாசியத்தில் தேறாதவர்களுக்காகத் திறந்த பள்ளி இல்லை இது. செயல்முறைப் படிப்புக்காகவே பிறந்தது. பெர்லின், ஹாம்பர்க் போன்ற இடங்களில் இப்போது இந்தப் பள்ளிவகை தனியாக இல்லை, மற்றவற்றோடு இணைத்துவிட்டார்கள்.

இனி ஏழாம் வகுப்பு. ஜெர்மன், ஆங்கிலம், கணிதம் மூன்றோடு நாலாவதாக ஒரு முதன்மைப் பாடத்தை இங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளியைப் பொறுத்துப் பிரெஞ்சு, இயற்பியல், உயிரியல், தகவலியல், தொழில்நுட்பம், சமூகவியல், கலை என்று வைத்திருப்பார்கள். இதற்கும் எழுத்துத் தேர்வு உண்டு. பத்தாம் வகுப்பு வரை கூடவே வரும். நண்பன் எடுத்தான் என்று பிள்ளை ஒரு பெட்டியில் டிக் போடுவதும், பெற்றோர் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் இங்கேதான் நடக்கிறது. அபிட்டூருக்கு (பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும் பள்ளி இறுதித் தேர்வு) இரண்டாவது அந்நிய மொழி கட்டாயம். ஏழு முதல் பத்து வரை பிரெஞ்சு படித்தவருக்கு அந்தக் கடமை பெரும்பாலும் முடிந்துவிடும். படிக்காதவர் பதினோராம் வகுப்பில் ஒரு புது மொழியை அகரத்திலிருந்து தொடங்கி, பதின்மூன்று வரை, அபிட்டூர்ச் சுமையோடு சேர்த்து இழுக்க வேண்டும். பலர் திணறுவது அதில்தான். அதற்காக எல்லாரும் பிரெஞ்சு எடுங்கள் என்று சொல்ல மாட்டோம். ஆங்கிலமே 4-இல் நிற்கும் பிள்ளைக்குப் பிரெஞ்சு இன்னொரு 5-ஐக் கொண்டுவரும். கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளை தொழில்நுட்பம் எடுத்து 2 வாங்குவதே அதற்குப் பலம்.

இன்னொரு இடத்தில் நம் பிள்ளைகள் வீணாக மதிப்பெண்ணை இழக்கிறார்கள். வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கு இங்கே மதிப்பெண் உண்டு. முதன்மைப் பாடங்களில் அது ஏறக்குறைய எழுத்துத் தேர்வுக்குச் சமம். வரலாறு, புவியியல் போன்றவற்றில் எழுத்துத் தேர்வே இல்லாததால் அதுதான் முழு மதிப்பெண். அடக்கமாக உட்கார்ந்து கேட்கும் பிள்ளையை வீட்டில் மெச்சுகிறோம். எழுத்தில் 2 வாங்கிய அதே பிள்ளை ரிப்போர்ட்டில் 3-க்கு இறங்குவது அந்த அமைதியால்தான். ஒவ்வொரு பாடவேளையிலும் இரண்டு மூன்று தடவையாவது சுட்டுவிரலை உயர்த்தப் பழக்குங்கள். பதில் தெரியாதபோது கேள்வி கேட்பதும் பங்கேற்புதான். பெற்றோர் சந்திப்பு நாளில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் “பையன் ஒழுங்கா இருக்கானா?” என்று கேட்டு நேரத்தைப் போக்காமல், “வாய்மொழி மதிப்பெண் இப்போது எத்தனை, 2 ஆக என்ன செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள்.

பத்தாம் வகுப்பில், மே மாத வாக்கில், ஜெர்மன், ஆங்கிலம், கணிதத்துக்கு மாநிலப் பொதுத்தேர்வு. இறுதி மதிப்பெண்ணில் பாதி அந்த ஆண்டு வகுப்பில் வாங்கியது, பாதி தேர்வில் வாங்கியது. கடைசி மாதம் டியூஷன் வைத்துச் சரிக்கட்டலாம் என்பது பாதிக் கணக்குதான். இரண்டுக்கும் இடையே மூன்று மதிப்பெண் வித்தியாசம் வந்தால் வாய்மொழித் தேர்வு கட்டாயம்.

தேறினால் நடுநிலைச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் பதினோராம் வகுப்பு அபிட்டூர்ப் பிரிவுக்கு அது மட்டும் போதாது. சான்றிதழில் தகுதிக் குறிப்பு வேண்டும். பொதுவாக எல்லாப் பாடத்திலும் 3 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண். ஓரிரண்டு 4-ஐ வேறு பாடத்தின் 2 ஈடுகட்டலாம், அதற்கும் வரம்பு உண்டு. விளையாட்டும் இசையும்கூடக் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள். குறிப்பு கிடைத்தால் கிம்னாசியம், கெஸாம்ட்ஷூலே (எல்லா வகையும் சேர்ந்த ஒருங்கிணைந்த பள்ளி), பெரூஃப்ஸ்கொலேக் (தொழிற்கல்விப் பள்ளி) மூன்றில் எதிலும் அபிட்டூர் படிக்கலாம். இங்கே கிம்னாசியம் மறுபடி ஒன்பதாண்டுப் படிப்பாகிவிட்டதால் ஆண்டு எதுவும் வீணாகாது. ரெயால்ஷூலே வழியாக வருபவருக்கும் கிம்னாசியத்திலேயே படித்தவருக்கும் 13 ஆண்டுதான். சேர்ந்த புதிதில் கணிதமும் நீண்ட ஜெர்மன் கட்டுரையும் உதைக்கும். முதல் ஆண்டிலேயே பள்ளி நடத்தும் வலுவூட்டும் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

குறிப்பு கிடைக்காதவருக்கு ஃபாக்ஓபர்ஷூலே என்ற இரண்டாண்டுத் தொழில்சார் மேல்நிலைப் படிப்பு இருக்கிறது. பதினோராம் வகுப்பு முழுக்க நிறுவனத்தில் பயிற்சியும் கூடவே சில மணிநேரப் பாடமும், பன்னிரண்டில் முழுநேரப் படிப்பு. முடித்தால் ஃபாக்ஹோக்ஷூலேயில் (செயல்முறை சார்ந்த உயர்கல்வி நிறுவனம்) பொறியியல், தகவலியல், சமூகப்பணி எல்லாம் இளங்கலை படிக்கலாம். பயிற்சி இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். அது கிடைக்காமல் சேர்க்கை தவறுவதும் நடக்கிறது.

தமிழ் இங்கே நேரடியாகக் கைகொடுக்கும். இந்த மாநில அரசு தாய்மொழி வகுப்பு நடத்தும் மொழிகளில் தமிழும் ஒன்று. ஐந்தாம் வகுப்பு முதல் ஒரு குழு தொடங்க 18 பிள்ளைகள் வேண்டும். இறுதியில் வரும் மொழித் தேர்வில் 2 வாங்கினால், அந்நிய மொழிப் பாடம் ஒன்றில் விழுந்த 5-ஐ அது ஈடுகட்டும். தமிழ் அமைப்பு நடத்தும் தமிழாலயத்துக்குப் போகிறானே என்று இதை விட்டுவிடாதீர்கள், இரண்டும் வேறு.

அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை இரண்டாந்தரமாகப் பார்க்க வேண்டாம். மெக்கட்ரோனிக்ஸ், ரசாயன ஆய்வுக்கூடம் இரண்டுக்கும் மூன்றரை ஆண்டு, தகவலியலுக்கும் செவிலியத்துக்கும் மூன்று. முதல் மாதமே சம்பளம். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி. பின்னால் மைஸ்டர் என்ற உயர்நிலைத் தொழில் தேர்வில் தேறினால் அபிட்டூர் இல்லாமலே பல்கலைக்கழகம் போகலாம். எட்டாம் வகுப்பில் பள்ளி நடத்தும் திறன் கணிப்பும், அதன் பிறகு வரும் நிறுவனப் பயிற்சியும் இதற்குத்தான். அந்தப் பயிற்சியை மாமாவின் கடையில் கழிக்க விடாதீர்கள். நன்றாகச் செய்த இடமே பிற்பாடு வேலைக்கும் கூப்பிடலாம்.

பெரிய நிறுவனங்களும் வங்கிகளும் ஓராண்டுக்கு முன்பே ஆள் எடுக்கும். அவற்றுக்கான விண்ணப்பம் ஒன்பதாம் வகுப்பு இறுதி ரிப்போர்ட்டோடு, கோடை விடுமுறையில் போக வேண்டும். பள்ளியில் தொடர்வதாக இருந்தால், பத்தாம் வகுப்பு அரையாண்டு ரிப்போர்ட் வந்ததும் பிப்ரவரியில் பெரூஃப்ஸ்கொலேக் பதிவு தொடங்கிவிடும். இரண்டுக்கும் முன்பாக, ஒன்பதாம் வகுப்பிலேயே, வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள். கட்டணம் கிடையாது, நீங்களும் கூடப் போகலாம். கடைசி இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.