சூழல் வகுப்பில் மாணவர் கடவுளைப் பற்றிப் பேசினால் ஆசிரியர் என்ன சொல்வது?

பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் எடுக்கும்போது ஒரு மாணவி எழுந்து "மழையும் வெயிலும் கடவுள் கையில்தானே" என்கிறாள், அறிவியலையும் விட்டுக்கொடுக்காமல் அவள் மனதையும் நோகடிக்காமல் எப்படிப் பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் சமாதானப்படுத்துகிறேன் பேர்வழி என்று, மதம் சொன்னதையெல்லாம் அறிவியலும் ஒத்துக்கொள்கிறது என்கிற மாதிரியே பல வருடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள், சில மரங்களைப் புனிதமாக வைத்ததற்குக் காரணமே அவை ராத்திரியிலும் ஆக்ஸிஜன் விடும் என்பதுதான் என்று அளந்துவிட்டேன். கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், "வெளிச்சம் இல்லாம ஒளிச்சேர்க்கை எப்படி சார் நடக்கும்? போன வாரம் நீங்கதானே சொன்னீங்க" என்றான். அவன் சொன்னது சரி. இருட்டில் மரமும் நம்மைப் போல ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடைத்தான் விடும். வழிந்துகொண்டு நின்றேன். மரத்தைக் கும்பிடுகிறவர்கள் யாரும் ஆக்ஸிஜனுக்காகக் கும்பிடவில்லை. அவர்கள் கேட்காத சான்றிதழை நான்தான் வாங்கித் தரப் பார்த்தேன்.

அதிலிருந்து கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். காற்றில் என்ன நடக்கிறது என்பதற்கு அளவீடுதான் பதில். 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்தபோது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கருவியில் எண் மாறாது. சரி, அதனால் நான் ஏன் கவலைப்பட வேண்டும், எதை விட வேண்டும்? அதற்குக் கருவியிடம் பதில் கிடையாது. அங்கே அந்த மாணவியின் நம்பிக்கைக்கு இடம் உண்டு, சொல்லப்போனால் என்னைவிட அவளிடம் வலுவான காரணம் இருக்கலாம். 2006-ல் காட்டு விலங்குத் தோலை உடுத்தாதீர்கள் என்று திபெத்திய பௌத்த மதத் தலைவர் தலாய் லாமா பேசியதைக் கேட்டு, திபெத்தில் மக்கள் விலை உயர்ந்த புலித்தோல், சிறுத்தைத்தோல் உடைகளைக் குவித்து எரித்தார்கள். நாங்கள் வருடக்கணக்கில் உணவுச் சங்கிலிப் பாடம் நடத்தினாலும் அது நடந்திருக்காது.

ஆனால் பக்தி மட்டும் போதும் என்றும் நினைக்கவேண்டாம். புண்ணியத்துக்காக மீன், ஆமைகளை நீர்நிலையில் விடும் வழக்கம் ஆசிய நாடுகள் பலவற்றில் இருக்கிறது. அப்படி விடப்படுவதில் அமெரிக்காவைச் சேர்ந்த செங்காது ஆமையும் உண்டு, அது போகிற இடத்தில் உள்ளூர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. இதை நான் குறை சொல்லாமல் கேள்வியாகவே வகுப்பில் போடுவேன். கருணை அப்படியே இருக்கட்டும், எந்த உயிரை எங்கே விடலாம்? அப்புறம் மாணவர்களே அயல் இனங்களைப் பற்றித் தேட ஆரம்பித்துவிடுவார்கள், பக்தியுள்ள பிள்ளைகள்தான் அதில் முன்னால் நிற்பார்கள்.

உங்கள் மாணவிக்கு வருகிறேன். "இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். "மழை யார் கையில் என்று சொல்வது என் பாடமில்லைம்மா, இந்தப் புகை யார் கையிலிருந்து போகிறது என்று மட்டும் பார்ப்போமா?" என்று கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அவள் ஒத்துக்கொள்ளவில்லையா, விட்டுவிடுங்கள். பரீட்சையிலும் "நம்புகிறாயா" என்று கேட்காதீர்கள், "என்ன ஆதாரம் இருக்கிறது" என்று கேளுங்கள். மார்க் அதற்குத்தான்.