உஷ்ணம் ஏறும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 31 வயது, கணவருக்கு 34. ஏழு மாதமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். எனக்கு பீரியட்ஸ் 31 நாளிலிருந்து 35 நாளுக்குள் வந்துவிடும். 14ஆம் நாள்தான் கருமுட்டை வெளியாகும் என்று படித்ததால் முதல் நாலு மாதம் அந்த ஒரு நாளை மட்டும் குறிவைத்துச் சேர்ந்தோம். பலன் இல்லை. பிறகு தெர்மாமீட்டர் வாங்கி, தினமும் காலையில் உஷ்ணம் பார்த்து எழுதி வருகிறேன். உஷ்ணம் ஏறுகிற நாளிலும் மறுநாளும் சேர்கிறோம். போன மாதம் 19ஆம் நாள் வரை 36.3, 36.4 என்றே இருந்தது; 20ஆம் நாள் 36.7 ஆனது. கருமுட்டை வெளியாகும் நாளைச் சிறுநீரில் பார்க்கும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பிலோ தினமும் இரண்டு கோடு தெரிகிறது, எதை நம்புவது என்றே புரியவில்லை. 17, 18ஆம் நாட்களில் வெள்ளைப்படுதல் அதிகமாகி வழுவழுவென்று இருந்தது. இன்ஃபெக்‌ஷனோ என்று பயந்து விலகியிருந்தோம். விந்தணு வீணாகக் கூடாதென்று கணவரைப் பத்து நாளுக்கு மேல் காத்திருக்கச் சொல்கிறேன். 'இன்றைக்குத்தான்' என்றதும் அவர் பதற்றமாகி, இரண்டு மாதம் அந்த நாளும் கைநழுவிப் போனது. எங்களில் யாருக்குக் குறை? உடனே டாக்டரிடம் போக வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த 17, 18ஆம் நாட்கள்தான். வழுவழுப்பாக இருந்தது என்கிறீர்கள். அரிப்பு, நாற்றம், எரிச்சல் என்று எதையும் சொல்லவில்லை. அப்படியானால் அது பெரும்பாலும் நோயாக இருக்காது. கருமுட்டை வெளியாகப் போகிறது என்று உடம்பே முன்கூட்டிக் காட்டும் அடையாளம் அது. மாதத்திலேயே கருத்தரிக்க அதிக வாய்ப்புள்ள நாட்களில் பயந்து விலகியிருந்துவிட்டு, வாய்ப்பு ஏறக்குறைய முடிந்த பிறகு சேர்ந்திருக்கிறீர்கள். யாருக்குக் குறை என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இந்த ஏழு மாதத்தில் சரியான நாட்கள் உங்களுக்கு எத்தனை முறை வாய்த்தன என்று கணக்குப் பார்த்தால், ஓரிரு மாதம் தேறினாலே அதிகம் என்று தோன்றுகிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன். சினைப்பையிலிருந்து வெளியான கருமுட்டை 12 மணி நேரம், மிஞ்சினால் 24 மணி நேரம்தான் கருவுறும் நிலையில் இருக்கும். விந்தணுவின் கதை வேறு. சாதகமான சூழல் இருந்தால் பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை அது உயிரோடு இருக்கும். அதனால் முட்டை வந்த பிறகு விந்தணுவைத் தேடி ஓடுவதைவிட, விந்தணு முன்னதாகவே போய்க் கருக்குழாயில் காத்திருப்பதுதான் பலன் தரும். அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் கருத்தரிக்க முயன்ற 221 பெண்களைக் கவனித்து 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் உண்டான கர்ப்பங்கள் எல்லாமே கருமுட்டை வெளியான நாளையும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களையும் சேர்த்த ஆறு நாட்களுக்குள் அடங்கிவிட்டன. அதற்கு மறுநாள் சேர்ந்ததால் உண்டான கர்ப்பம் என்று ஒன்றைக்கூட அவர்கள் காணவில்லை.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருவோம். கருமுட்டை வெளியான பிறகுதான் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரந்து உடம்பின் உஷ்ணத்தை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுகிறது. 20ஆம் நாள் 36.7 என்றால் முட்டை பெரும்பாலும் 18 அல்லது 19ஆம் நாளே வெளியாகியிருக்கும். அதாவது தெர்மாமீட்டர் உங்களிடம் சொன்னது முந்தைய நாள் நடந்து முடிந்த சேதி. நீங்கள் அதை இனி நடக்கப்போகும் சேதியாக எடுத்துக்கொண்டீர்கள். இந்தத் தவறான புரிதல் நிறையப் பேருக்கு இருக்கிறது. உஷ்ணம் பார்க்கச் சொல்கிறவர்கள் இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. இத்தனை மாதம் ஒரு நாள் தவறாமல் எழுந்து எழுதிய உழைப்பு வீண் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு முட்டை வெளியாகிறது என்பதற்கு அந்த நோட்டே நல்ல ஆதாரம். ஏறிய உஷ்ணம் அடுத்த பீரியட்ஸ் வரை இறங்காமல் நின்றதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது அந்த 14ஆம் நாள். 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் பீரியட்ஸ் வருகிறவர்களுக்கே அது உத்தேசக் கணக்குதான். உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஜப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஒகினோ 1924இலேயே இதைக் கணித்துச் சொல்லிவிட்டார்: முந்தைய பீரியட்ஸிலிருந்து முன்னோக்கி எண்ணாதே, அடுத்த பீரியட்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணு. முட்டை வெளியாவதற்கு முந்தைய பாதி ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். பிந்தைய பாதி அவ்வளவாக மாறாது. பெரும்பாலும் 12 முதல் 14 நாள் இருக்கும். உங்கள் குறைந்தபட்சச் சுழற்சி 31 நாள், அதில் 14 போனால் 17. அதிகபட்சம் 35 நாள், 14 போனால் 21. ஆக, முட்டை 17ஆம் நாளும் வெளியாகலாம், 21ஆம் நாளும் வெளியாகலாம். 35 நாள் ஓடிய மாதத்தில் உங்கள் நல்ல நாட்கள் 16ஆம் நாளில்தான் தொடங்கியிருக்கும். 14ஆம் நாள் சேர்ந்ததில் பலன் இருந்திருக்காது. முதல் நாலு மாதம் முந்திக்கொண்டீர்கள், பிறகு பிந்திவிட்டீர்கள். தேதியை மட்டும் வைத்துக் கணிக்கும் போன் ஆப்களிலும் இதே சிக்கல் உண்டு. அவை சொல்வது பழைய மாதங்களின் சராசரியைத்தான். இந்த மாதம் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

இனி என்ன செய்யலாம்? உங்கள் கணக்குப்படி 12ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் சேருங்கள். இது ஒன்று போதும். ஸ்ட்ரிப் வேண்டாம், தெர்மாமீட்டர் வேண்டாம். முட்டை எந்த நாள் வந்தாலும் விந்தணு அங்கே தயாராக இருக்கும். நான் முதலில் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான், ஏனென்றால் இதில் 'இன்றைக்குத்தான்' என்ற ஒரு நாளே கிடையாது.

இன்னும் துல்லியமாகத் தெரிந்துகொள்ள விரும்பினால் அந்த வழுவழுப்பைக் கவனியுங்கள். பீரியட்ஸ் முடிந்த சில நாட்கள் வறட்சியாக இருக்கும். பிறகு கொஞ்சம் பிசுபிசுப்பு, அதன்பின் வெண்ணிறமாக க்ரீம் போல. முட்டை வெளியாகும் நாள் நெருங்க நெருங்க ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடி, அந்தத் திரவம் தெளிந்து, கோழிமுட்டையின் வெள்ளைக்கரு போல ஆகிவிடும். சிறுநீர் கழிக்கும் முன் டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல விரித்தால் அறுந்து போகாமல் நூல் போல நீளும். விந்தணு நீந்திப் போவதற்கும் உயிர் பிழைத்திருப்பதற்கும் இந்தத் திரவம்தான் துணை. இது தெரியத் தொடங்கிய நாளிலிருந்து தினமும்கூடச் சேரலாம். இரண்டு, மூன்று மாதத்தில் உங்களுக்கே அடையாளம் பிடிபட்டுவிடும். ஆனால் தயிர் போலத் திரிதிரியாக, அரிப்போடு வந்தாலோ, பச்சை அல்லது சாம்பல் நிறமாக, நாற்றத்தோடு வந்தாலோ அது இன்ஃபெக்‌ஷனாக இருக்கலாம். அப்போது கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு தெரிந்தாலே பாசிட்டிவ் என்று நினைத்திருக்கிறீர்கள். கர்ப்பம் பார்க்கும் கிட்டில் அப்படித்தான், மங்கலான கோட்டுக்கும் அர்த்தம் உண்டு. ஓவுலேஷன் ஸ்ட்ரிப் கண்டுபிடிப்பது, முட்டை வெளியாவதற்குச் சற்று முன் கூடும் எல்.எச். என்ற ஹார்மோனை. அது எல்லா நாளும் உடம்பில் கொஞ்சம் இருக்கும் என்பதால் மங்கலான கோடு எப்போதும் தெரியலாம். சோதனைக் கோடு, பக்கத்திலுள்ள கன்ட்ரோல் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ். அப்படித் தெரிந்தபின் பொதுவாக 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வெளியாகும். அன்றும் மறுநாளும் தவறவிடாதீர்கள். உங்களுக்கு 13ஆம் நாளிலிருந்து பார்த்தால் சரியாக இருக்கும். சோதனைக்கு முந்தைய இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்காதீர்கள், சிறுநீர் நீர்த்துப்போய்க் கோடு மங்கிவிடும். அட்டையில் குறிப்பிட்ட நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும்; மணிக்கணக்கில் வைத்திருந்து பார்த்த கோட்டை நம்பக் கூடாது. பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எல்.எச். அளவே கூடுதலாக இருப்பதால் பொய்யான பாசிட்டிவ் வருவது உண்டு. கோடு சரியாகத் தெரிந்தும் உஷ்ணம் ஏறவே இல்லை என்ற நிலை மாதாமாதம் தொடர்ந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். பத்து நாளுக்கு மேல் சேர்த்து வைத்தால் விந்தின் அளவு கூடலாம். ஆனால் விந்தணுக்களின் ஓட்டமும் தரமும் குறையும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வெளியேறுவதால் எந்த நஷ்டமும் இல்லை. ஆகவே காத்திருக்கச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், நாள் குறித்து அழைத்தால் முடியாமல் போவது. அது அவருடைய ஆண்மைக் குறைவும் இல்லை, உங்கள் மேல் உள்ள விருப்பக் குறைவும் இல்லை. பல நாள் தள்ளி வைத்து, பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறுப்பையும் தலையில் சுமத்தினால் யாருக்கும் உடம்பு ஒத்துழைக்காது. ஸ்ட்ரிப்பில் கோடு அழுத்தமாகத் தெரிந்த சேதியைப் போனில் அனுப்பாதீர்கள். அவருக்கு அந்தத் தேதிகள் தெரியவேண்டுமா, வேண்டாமா என்று அவரிடமே கேளுங்கள். சிலருக்குத் தெரிந்தால் நிம்மதி, சிலருக்குத் தெரியாவிட்டால் நிம்மதி. கருத்தரிக்க வாய்ப்பே இல்லாத நாட்களிலும் சேர்ந்திருங்கள். நோட்டுக்காக மட்டும் கூடுகிற தம்பதியாக நீங்கள் ஆகிவிடக் கூடாது.

சேர்ந்த பிறகு காலைத் தூக்கி வைப்பது, இடுப்புக்கு அடியில் தலையணை வைப்பது, அரை மணி நேரம் அசையாமல் படுப்பது இவற்றால் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. எழுந்து போகும்போது கொஞ்சம் வழிவது எல்லோருக்கும் நடப்பது, கவலை வேண்டாம். வறட்சிக்காக ஜெல் பயன்படுத்தினால் மட்டும் கவனியுங்கள். சில வகைகள் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும். கருத்தரிக்க முயல்கிறவர்களுக்கென்றே உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அவர் புகைபிடித்தால் நிறுத்தட்டும். உடம்பை ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மாத்திரை எதையாவது எடுத்தால் தானே ரகசியமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி நிறுத்தட்டும். அது விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடும். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம்போல ஆகும், அதனால் இன்று செய்த மாற்றம் அடுத்த மாதமே தெரியாது. நீங்கள் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்காவிட்டால் இன்றே தொடங்குங்கள். கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் காலத்துக்குப் பிந்திவிடும்.

நாள் சரியாக அமைந்த மாதத்திலும் எல்லோருக்கும் தங்கிவிடாது. அந்த 1995 ஆய்வில் மிகச் சாதகமான நாளில்கூட வாய்ப்பு மூன்றில் ஒன்று அளவில்தான் இருந்தது. தொடர்ந்து முயன்றால் நூறில் எண்பதுக்கு மேற்பட்ட தம்பதிகளுக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடுகிறது. 'ஏதும் விசேஷமா?' என்று கேட்கிறவர்களுக்கு இதையெல்லாம் நீங்கள் விளக்க வேண்டிய கடமை இல்லை.

டாக்டரிடம் உடனே ஓட வேண்டியதில்லை. 35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம் முயன்று பார்த்துப் போவது வழக்கம். 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம். 40ஐ நெருங்கினால் தொடக்கத்திலேயே. பீரியட்ஸ் 21 நாளுக்குள் வருகிறது அல்லது 35 நாளைத் தாண்டிப் போகிறது, பொறுக்க முடியாத வலி இருக்கிறது, முன்பு இடுப்புப் பகுதியில் கிருமித் தொற்றோ அறுவை சிகிச்சையோ நடந்திருக்கிறது, கணவருக்கு விரை இறங்காத பிரச்சினைக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். உங்கள் சுழற்சி 35ஐத் தொட்டுக்கொண்டு இருப்பதால் தைராய்டு, புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்) இரண்டையும் இப்போதே ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

இன்னும் ஐந்து மாதத்தில் பலன் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்தே போங்கள். முதலில் உங்களை மட்டும் ஸ்கேன், ஊசி என்று அலைய விடாதீர்கள். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் பாதிப்பேர் வரை ஆண் தரப்புக் காரணமும் உண்டு. விந்துப் பரிசோதனை எளிது, வலி இல்லாதது. அதற்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி இருந்தால் போதும். உங்களுக்குப் புரோஜெஸ்டிரான் ரத்தப் பரிசோதனையை '21ஆம் நாள் வாருங்கள்' என்று எழுதிக்கொடுத்தால், உங்கள் சுழற்சி 31இலிருந்து 35 நாள் என்பதை அங்கேயே சொல்லுங்கள். அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டிய பரிசோதனை அது. உங்களுக்கு 26ஆம் நாளை ஒட்டி வரும். 21ஆம் நாளே எடுத்தால் அளவு குறைவாகக் காட்டி, முட்டையே வெளியாகவில்லை என்று தவறாக எழுதிவிடுவார்கள்.